வரவுப் பக்கம்

காசு தரமாட்டேன், கணக்குத்தான் என்றார்
லாரன்ஸ் ரோட்டு இதயத்துல்லா.
குஞ்சு கொண்டுவந்தால் நோட்டில் வரவு.
தீனி, வலை, மோட்டார், கல்
எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.
அரிசி மட்டும் கிடையாது என்று
அவரே சொல்லி அவரே சிரித்தார்.

எதை வளர்ப்பது?

கப்பி வேண்டாம்.
திருப்பாதிரிப்புலியூரில் பாதி வீட்டுச் சிமெண்ட் தொட்டியில்
கேட்பாரற்றுப் பெருகிக் கிடக்கிறது.
பையன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து
கல்லாவில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள்.
மோலிக்கு எங்கள் போர் தண்ணீர் உப்பு ஒத்துக்கொள்ளும்.
ஆனால் பெற்ற கையோடு
திரும்பிப் பிள்ளையைத் தின்னும்.
ஏஞ்சல் அழகுதான்.
ஜோடி சேர எட்டு மாதம்,
சேர்ந்த பிறகு தினம் பஞ்சாயத்து.
ஃபைட்டர் என்றால் ஆணுக்கு ஒரு பாட்டில்;
அறுபது பாட்டில் வைக்க
என்னிடம் இருப்பது ஒரே அலமாரி,
அதிலும் அவருடைய பி.எஃப். காகிதங்கள்.

டிஸ்கஸ் பற்றிக் கேட்டேன்.
இதயத்துல்லா என் செருப்பைப் பார்த்தார்.
டிஸ்கஸ் வேணாம்மா என்றார்.

கடைசியில்
யாரும் விரல் நீட்டிக் கேட்காத ஒன்று:
கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு
பாசி மேயும் கறுப்புச் சக்கர்,
பெரிதாக வளராத ஜாதி.
ஆணுக்கு மூக்கின்மேல்
மீசை கிளைவிட்டிருக்கும்.
எல்லாத் தொட்டிக்கும் ஒன்று வேணும்மா,
ஒண்ணுக்குப் பதினஞ்சு போட்டுக்கறேன்.

பிளம்பர் கோதண்டம் விட்டுப்போன பி.வி.சி. துண்டை
ஒரு முனை அடைத்து உள்ளே போட்டேன்.
வெள்ளரிக்காயைக் கரண்டியில் குத்தி முக்கினேன்.
ஐந்து வாரம் ஒன்றுமில்லை.
ஆறாவது வாரம் பேய் மழை,
இரவு முழுக்கக் கரண்ட் இல்லை,
தண்ணீர் குளிர்ந்ததோ என்னவோ
விடிந்து பார்த்தால்
குழாய்க்குள் ஆரஞ்சுக் கொத்து.

பெண் தன் பாட்டுக்கு மேயப் போய்விட்டது.
ஆண்தான் வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டு
செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது.
வெள்ளரிக்காய் வெளுத்துக் கரைந்தது.

துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டு
மீன்வாடையோடு வீடு திரும்பியவர்
டார்ச் அடித்துக் குனிந்தார்.
மீனைக் கூடையாக மட்டுமே பார்த்த கண்.
இது சாப்பிடுதா?
இல்லை.
டூட்டி மாத்த ஆள் இல்லையா?
இல்லை.
அன்றிலிருந்து ராத்திரியில்
லைட் போடாமல் நடக்கிறார்.

மூன்று தடவை எண்ணி மூன்று விடை வந்தது.
ஐம்பத்து நாலு பிழைத்தன.
இரண்டு மாதம் கழித்துப் பொட்டலம் கட்டி
மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் போனேன்.
எண்ணூற்றுப் பத்து.
பெயர் கேட்காமலே 'சக்கர் அக்கா' என்று எழுதினார்.
குமுதவல்லி என்றேன்.
அதையும் பக்கத்தில் சின்னதாக எழுதிக்கொண்டார்.

தீனிக்கு இருநூற்று நாற்பது,
ஸ்பாஞ்சு ஃபில்டருக்கு நூற்றெண்பது.
தண்ணீரில் வந்தது
தண்ணீருக்கே போகிறது,
வீட்டுக்கு ஒரு கிலோ வெங்காயம்கூட அதில் வராது.
ஆனாலும் ஏதோ ஒரு நோட்டில்
என் பெயருக்கு நேரே ஒரு தொகை
மிச்சம் நிற்கிறது.
ராத்திரி நினைத்துப் பார்த்தால்
சிரிப்பு வருகிறது.

போன வாரம் உப்பு வாங்கப் போனபோது
கோல்டு ஃபிஷ் தொட்டியின் மூலையில் அது.
இடது செட்டை கிழிந்திருந்தது.
என் வலையில் மாட்டிக் கிழிந்தது.
கிழித்தது நான்.
ஒரு பொடியன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
என்ன விலை?
வெளியாளுக்கு அறுபது. உங்களுக்கு ஐம்பது.
செலவுப் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.
அவர் தலை நிமிரவில்லை, எழுதினார்.
முப்பத்தைந்து நஷ்டம்.

தொட்டியில் விட்டேன்.
நேரே குழாயைத் தேடிப் போயிற்று.
உள்ளே அடுத்த கொத்து.
அப்பன் வாலால் ஒரே தட்டு,
பாசிக் கல்லோரம் போய் விழுந்தது.

புதுசா என்று கேட்டார் வீட்டுக்காரர்.
ஆமாம் என்றேன்.